எச்சம்

ஃபஹாஹீல் பள்ளிக்கூட மொட்டைமாடியில்
காற்றை எண்ணும் பெட்டியின் மேல்
புறா எச்சம்.
மாதம் ஒருமுறை ஏறிப் போய்த் துடைக்கிறேன்.
தெற்கே, கடலை ஒட்டி,
சுத்திகரிப்பு ஆலையின் தீ
பகலிலும் எரிகிறது, யாரும் பார்ப்பதில்லை.

பெட்டி மணிக்கு ஓர் எண் தரும்.
ஆஸ்பத்திரி நாளுக்கு ஓர் எண் அனுப்பும்:
மூச்சு முட்டி வந்த பிள்ளைகள், ஐந்து வயதுக்குள்.
இரண்டையும் கோத்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
இன்றைய தூசுக்கு
நாளை மறுநாள்தான் இருமல்.
அந்த இரண்டு நாளைக் கண்டுபிடிக்க
எட்டு மாதம் ஆனது எனக்கு.
வெயிலைக் கழித்தேன், ஈரத்தைக் கழித்தேன்,
வெள்ளிக்கிழமைகளை, நோன்பு மாதத்தை,
சளி பரவும் ஜனவரியைக் கழித்தேன்.
எல்லாம் போக
ஒரு கோடு மெல்ல வளைந்து எழுந்தது,
இழுத்த மூச்சில் தெரியும் விலா எலும்பாக.

பன்னிரண்டாம் பிளாக் மட்டும்
கோட்டில் உட்காரவில்லை.
ஆலைக்கு அதுதான் கிட்டே.
தூசு அதிகம், இருமல் குறைவு.
"நல்ல செய்திதானே" என்றார் மேலாளர் பத்ர்.
கணித்ததற்கும் கண்டதற்கும் நடுவே மிஞ்சுவதை
எங்கள் பாடத்தில் எச்சம் என்போம்.
மாதத்துக்குப் பதினேழு எச்சம்.

குப்பூஸ் வாங்கப் போன வியாழன் இரவு
அந்தத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் கீழ் நின்றேன்.
மேலே ஏதோ ஜன்னலில்
மீன்தொட்டி மோட்டார் மாதிரி ஓர் உறுமல்.
சத்தத்தைப் பிடித்துக்கொண்டே படியேறினேன்.
ரொகையா பாதிக் கதவு திறந்தாள்.
இடுப்பில் ஹில்மி, நாலு வயசு,
முகத்தில் பச்சை மூடி, புகை.
"ஆஸ்பத்திரிக்குப் போனா பத்தாக்கா கேப்பாங்கக்கா.
இக்காமா முடிஞ்சு பதினாலு மாசம்."
ஒரே மெஷின்தான்,
நாலு மாடிக்கும் சுற்றி வருகிறது.
சண்டை வராமலிருக்க
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், பென்சிலில் முறை:
தேதி, பேர், மணி.

நான் அதைப் படித்தேன்.
ஷமால் அடித்த நாளில் நாலு பேர்.
மறுநாள் ஐந்து.
அதற்கும் மறுநாள்
தாளில் இடமில்லாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியிருந்தார்கள்.

ஃபோனை எடுத்தேன். படம் பிடிக்கவில்லை.
"எழுதிக்கிட்டீங்களா?" என்றாள்.
இல்லை என்றேன்.

அறிக்கையில் இருக்கிறது:
பன்னிரண்டாம் பிளாக், பதினேழு எச்சம்,
காரணம் தெரியவில்லை.
அகராதியில் அந்தச் சொல்லுக்குப்
பிள்ளை என்றும் ஒரு பொருள். அதை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷமால் என்கிறது வானிலை.
வியாழன் ராத்திரி இரண்டு மணிக்கு
யார் முறை என்று எனக்குத் தெரியும்.