தலைக்கு ஐந்து லிட்டர்

நாலு நாளாய் மலை முழுக்கத் தண்ணீர்,
குடிக்கத்தான் இல்லை.

எமரால்டு திருப்பத்தில் ரோடு உட்கார்ந்துவிட்டது.
லாரியை அங்கேயே நிறுத்தி
ஹோஸை மட்டும் சரிவில் இழுத்து
கேரட் தோட்டத்துச் சேறு தாண்டி
லைன் வீடுகள் வரை கொண்டுவந்தோம்,
நானும் ஃபிட்டர் ஆல்துரையும்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து
மருந்து சொட்டுவான் ஆல்துரை.
மஞ்சள் தெரிந்தால் குடிக்கலாம்.
"பிளீச்சிங் வாடை" என்று துப்பினார்கள்.
ஊற்றுத் தண்ணிக்குப் பழகின நாக்கு.
ஊற்று இருந்த இடத்தில்
ஒரு சில்வர் ஓக் வேரை மேலே காட்டிக் கிடந்தது.

தலைக்கு ஐந்து லிட்டர், கார்டு காட்டணும்.
தனபாக்கியம் நீட்டிய கார்டில் நாலு பேர்.
நாலு என்றே நோட்டில் எழுதினேன்.
இரண்டு கேனும் நிறைந்தன.
ஆல்துரை என்னைப் பார்த்தான்,
பிறகு கண்ணாடிக் குழாயைத் தூக்கி
வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தான்.

மறுநாள் ஒரு கேனோடு வந்தாள்.
கார்டு கொண்டுவரவில்லை,
நான் கேட்கவும் இல்லை.
தண்ணீர் பாதி ஏறியதும்
அவளே ஹோஸை மடக்கிப் பிடித்தாள்.