மகஜர்

இடம்: கிள்ளை காப்புக்காடு, வடக்கு வாய்க்கால்.
நேரம்: நீர் வற்றத் தொடங்கி அரை மணி.
கைப்பற்றியவை:
பனையோலைப் பறி ஒன்று,
இறால், உத்தேசமாக எழுநூறு கிராம்,
நண்டு இரண்டு. (ஒன்று தப்பியது.)

பெயர் கேட்டேன்.
பதிலில்லை என்று எழுதினேன்.
பறியைப் பல்லால் கடித்தபடி
கழுத்தளவு நீரில் குந்தி
இரு கையாலும் சேற்றைத் துழாவுகிறவள்
வாயை எப்படித் திறப்பாள்?

அத்துமீறல் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பதினேழாம் எல்லைக்கல் வரைபடத்தில் கரைமேல் இருக்கிறது.
நானும் காவலர் தணிகாசலமும்
துடுப்பால் குத்திக் குத்தித் தேடினோம்.
தட்டியதெல்லாம் சுரபுன்னையின் கால்கள்.

"அங்க இல்ல சார், இப்படி வாங்க."
பறியை இறக்கிவிட்டு அவள்தான் காட்டினாள்.
"போன அமாவாசைக்கு இடிச்சிக்கிட்டேன்."
கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது.

கல் கிடைத்தது, முழங்காலாழத்தில்,
பாசி சுரண்டினால் எண்கூடத் தெரிகிறது.
அவள் எந்தப் பக்கம் இருந்தாள்
என்பதற்கு இனிச் சாட்சி வேண்டும்.

"இந்த வாய்க்காலு
நாங்க வெட்டுனது சார்,
உங்க ஆபீசு கூலிக்கு.
தண்ணி உள்ள போனாத்தான்
மரம் பொழைக்கும்னீங்க."

பொழைத்திருக்கிறது.
தலைக்கு மேல் கண்டல் மூடி
காகிதத்தில் எழுத்துத் தெரியவில்லை.

அஞ்சலாட்சி, இடது பெருவிரல் ரேகை.
பீரோவில் பழைய மஸ்டர் ரோலிலும்
இதே ரேகை இருக்கும்,
இதே மையில்.

வரிசை எண் இரண்டு
படகின் அடியில்
இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது.