கடைசி இடம்

ஆர்கன்சாவில் மழை. வாடகைக் காரின் துடைப்பான்
ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.
எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில்
ஒரேயொரு உதவித்தொகை மீதி.
தெரோன் விட்லாக்கின் தம்பி என்றதுமே
தலைமைப் பயிற்சியாளர் ஜெர்சி எண்ணை எழுதிவிட்டார்:
அண்ணனின் அதே பதினேழு.

புலிக்குப் பிறந்தது பூனையாகாது, சரி.
புலிக்குத் தம்பியாய்ப் பிறந்ததற்குப்
பழமொழி ஏதும் இல்லை.

வரவேற்பறைச் சுவர் முழுக்க அண்ணன்:
எகிறியபடி, சேற்றோடு, கோப்பையோடு.
தம்பியின் படம் குளிர்பெட்டிக் கதவில்,
பல் மருத்துவர் கொடுத்த காந்தத்துக்கு அடியில்.

"நாற்பது கெஜம், எத்தனை நொடி?"
"ஐந்து புள்ளி இரண்டு."
பொய் சொல்லத் தெரியாதவன்.
அம்மா கோழி வறுவல் வைத்தாள். மூன்று துண்டு தின்றேன்.

என் பையில் இன்னொரு பெயர்: கோடி ஸ்ட்ரேகர்,
நாலு புள்ளி ஐந்து.
சொந்தக்காரர்கள்: யாருமில்லை
என்று நானேதான் எழுதியிருந்தேன்,
அவன் அப்பா தானிய லாரியிலிருந்து இறங்கி
என் கையைக் குலுக்கிய பிறகும்.

கார் வரைக்கும் கூடவே நனைந்து வந்த பையன் கேட்டான்:
"பதினேழு வேண்டாம் சார். வேற நம்பர் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.
கையெழுத்தான தாளை
மழை படாமல்
சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.