ஒரு நாள் வாடகை

வேகமுள் பூச்சியத்தில் படுத்துக் கிடக்கிறது.
"அது அப்படித்தான் மிஸ், பிரேக் நல்லம்"
என்கிறார் நவ்பர்.
என் அடையாள அட்டையை
லாச்சிக்குள் போட்டுப் பூட்டுகிறார்.
மூவாயிரம். இருட்ட முன் வர வேண்டும்.

அப்புத்தளை ரயில் கடவையில் நிற்கிறேன்.
மூடுபனி மட்டும்
நிற்காமல் கடந்து போகிறது.

இரண்டே வளைவில் நகரம் தீர்ந்துவிட்டது.
பிறகு தேயிலை, தேயிலை,
ஒரு கொழுந்து மடுவம்,
மறுபடி தேயிலை.

நான் முல்லைத்தீவுக்காரி.
எங்கள் ஊரில் ரோடு ஏறுவது
பாலத்துக்கு மட்டும்தான்.

கைகாட்டி ஏறிக்கொண்டார் புஷ்பராணி.
மூன்றாம் வளைவில் ஸ்கூட்டர் திணறி நின்றது,
இரண்டு பேரை இழுக்காதாம்.
"நீங்க ரோட்ல வாங்க" என்று இறங்கி
தேயிலைக்குள் புகுந்தார்.
ஏழு வளைவு சுற்றி நான் போய்ச் சேர
மேலே கல்லில் உட்கார்ந்து
காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
"ரோடு லொறிக்குப் போட்டது மிஸ்."

மூணாவது லயம், பச்சைக் கதவு,
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார்.
நேரமில்லை என்றேன்.

நவ்பர் பெற்றோல் தாங்கிக்குள்
குச்சி விட்டுப் பார்க்கிறார்.
நான் கொக்கியில் தொங்கும் பையைப் பார்க்கிறேன்:
ஒரு றாத்தல் பாண்,
கொஞ்சம் நெத்தலி,
இருமல் மருந்துப் போத்தல்.

திரும்பவும் சாவி. இன்னும் ஐந்நூறு.
முன்விளக்கு வெளிச்சம்
பனிக்குள் நாலடி போய் நின்றுவிடுகிறது.

மூன்றாவது லயத்தில் பன்னிரண்டு கதவுகள்.
தோட்டம் கொடுத்த பெயின்ட்,
எல்லாமே பச்சை.
ஹோனை அழுத்துகிறேன், அதுவும் வேலை செய்யாது.
"புஷ்பராணி!" என்று கூப்பிட
மூன்று கதவுகள் திறக்கின்றன.