இருபதுக்குக் கீழே

இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் எடைமேடைக்குக் கண் தெரியாது.
இருபது, நாற்பது, அறுபது என்றுதான் எண்ணும்.
துறைமுகத்திலிருந்து கோதுமை ஏற்றிய லொறி
ஏறும், நிற்கும், சிவப்பு இலக்கம் எழும்,
நான் துண்டு கிழித்துக் கொடுப்பேன்.
பதினொரு வருடம்.

மாசியில் ஓர் இரவு
வெறும் மேடையில் இலக்கம் ஏறக் கண்டேன்.
லொறி இல்லை, நாய்கூட இல்லை,
ஏறிக்கொண்டே இருந்தது.
அதன்பின் நித்திரை விட்டுப்போனது.
பேனை பிடித்தால் கை நடுங்கியது.

வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி.
வாசலில் மான்கள்
யாரோ எறிந்த கிளினிக் கொப்பியின் மட்டையைச் சப்பிக்கொண்டு நிற்கும்.
பின்னறையில் ஒரு மின்சாரச் சக்கரம்,
தம்பலகாமத்துக் களிமண், அரைவாளித் தண்ணீர்,
றிஸ்மியா.
கிண்ணியா பஸ்ஸில் வருகிறவள். வயிற்றில் ஏழு மாதம்,
குனிந்து செய்து காட்ட இயலாது.
கதிரையில் சாய்ந்தபடி
"அமத்துங்க" என்பாள், அவ்வளவுதான்.

மண் கைக்குள் துள்ளியது
வள்ளத்தில் விழுந்த சூரைபோல.
இடம் போனால் நானும் இடம்,
வலம் போனால் வலம்.
"நீங்க அதுக்குப் பின்னால போறீங்க.
முழங்கைய தொடையில ஊண்டுங்க.
அது வரட்டும்."

ஊன்றினேன்.
சுற்றிக்கொண்டே ஒரு கணம்
சுற்றாததுபோல் நின்றது.
நடுக்கம் என்ற சொல்லுக்குள்
நடு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.
பார்த்ததும் போய்விட்டது.

நாலாவது சட்டியைத்
தங்கூசியால் நெடுக்காகப் பிளந்து திருப்பினாள்.
விளிம்பு கடதாசி, அடி கருங்கல்.
"மண் கூடிப்போகல்ல.
எல்லாத்தையும் அடியிலேயே விட்டு வச்சிருக்கீங்க."
நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் கலங்கியிருந்தது.

ஆனியில் கச்சான் அடித்தது.
யன்னலோரம் வைத்ததெல்லாம்
காற்று பட்ட பக்கமாக வெடித்தன.
ஒன்று மட்டும் தப்பியது:
கைதுடைத்த ஈரத்துணியை
மறதியாய் அதன்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கன்னியாப் பக்கம் செங்கல் சூளையில் வெந்து வந்தபோது
அது கோப்பையுமில்லை, சட்டியுமில்லை.
கடல் பக்கமாய்க் கொஞ்சம் சரிவு.
றிஸ்மியா லீவில். ஆண்பிள்ளையாம்,
மூன்று கிலோ நூறு கிராம்.

இரவு வேலை. மாத்திரை இப்போதும் ஒன்று.
இரண்டு மணிக்கு, இரண்டு லொறிகளுக்கு நடுவே
அதை மேடையில் கொண்டுபோய் வைத்தேன்.
பூச்சியம்.
நான் ஏறினேன். அறுபது.
அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.
அப்போதும் அறுபது.

உள்ளங்கைக்கோ நன்றாகத் தெரிந்தது
எந்தப் பக்கம் பாரம் என்று.
விரலைச் சற்று நகர்த்தினேன்,
இன்னும் சற்று.

கோர்ன் அடித்தது.
வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து டிரைவர் கேட்டான்:
"என்ன அண்ணை, உங்களையே நிறுக்கிறீங்களோ?"
"இல்லை" என்றேன்,
"மேடை சரியோ என்று பாக்கிறன்."
இறங்கி வழிவிட்டேன்.