எதுக்குக் கீழ

மல்லாவி. மூன்று மணிக் கூட்டம் நாலேகாலுக்குத் தொடங்கியது.
சீஆர் கொப்பியில் முன்னரே கோடு போட்டு வைத்திருந்தேன்:
ஒன்று, தண்ணீர்.
அதன் கீழ் குளம், குளத்தின் கீழ் துருசு,
துருசின் கீழ், திருகுபிடி கறள் பிடித்த கதை.
இரண்டு, காணி. மூன்று, வீதி.

போனமுறை எல்லாரும் ஒரேயடியாய்க் கதைத்து
நானும் கதைத்தபடியே எழுதி
பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய கடிதம்
விளங்கவில்லை என்று திரும்பி வந்தது.
அதனால்தான் இம்முறை
பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால்.
அவரவர் பேச்சு அவரவர் மடையால் இறங்கட்டும்.

செபமாலை எழும்பினார். யானை என்றார்.
எதுக்குக் கீழ போடுறது? என்று கேட்டேன்.
மரவள்ளி போனது, ஆகவே விவசாயம்.
வேலிக் கம்பியில் கரண்ட் இல்லை, ஆகவே மின்சாரம்
என்றது பின்வரிசை.
கோகிலவாணி விடவில்லை:
ரியூசன் விட்டுப் பிள்ளையள் வாற நேரம்
அது வீதியிலதானே நிக்குது?
ஒவ்வொரு தலைப்பாய் மிதித்துக்கொண்டு
யானை பக்கத்தைக் கடந்து போனது.
நான்கு என்று புது இலக்கம் போட்டேன்.
இடம் காணாமல் 'னை' மட்டும்
சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றது.

குணபூசணி எழும்பவில்லை.
கதிரையில் இருந்தபடியே சொன்னா:
எங்கட கிணறு கல்லுக்கு அங்கால போட்டுது.
வனத் திணைக்களம் போன வருசம் நட்ட எல்லைக் கல்.
தண்ணியா அக்கா, காணியா?
ரெண்டும் இல்லை.
அப்ப எதுக்குக் கீழ எழுத?

தேசி மரத்துக்குக் கீழ, என்றா.
கிணத்தடியில நிண்ட மரம்.
அந்த மாசி மாதம் வெளிக்கிடேக்க
இரவோட இரவா,
கையாலதான் கிண்டினது.

யாரோ மின்விசிறியை நிற்பாட்டினார்கள்.
பிறகு ஏன் நிற்பாட்டினோம் என்று தெரியாமல்
திரும்பப் போட்டார்கள்.
பொருளாளர் மெதுவாகக் குனிந்து
'வேறு விடயங்கள்' இருக்குத்தானே பிள்ளை, என்றார்.
இருக்கிறது. எப்போதும் இருக்கிறது.
கடைசி அரைப் பக்கம் என்று தொடங்கிய தலைப்பு,
இப்போது மூன்று பக்கம்.

இரவு நல்ல பிரதி எழுதுகிறேன்.
துருசுக்குக் கிறீஸ் பூசுவது: முன்மொழிந்தவர் மரியசீலன்,
வழிமொழிந்தவர் அவருடைய மச்சான்.
வெளிச்ச வேலிக்கு மூன்று பற்றரி: ஏகமனதாக.
ஐந்து, தேசி மரம்.
முன்மொழிந்தவர் குணபூசணி.

செயலாளர் வழிமொழியக் கூடாது என்று
யாப்பில் எங்கோ இருக்கிறது.
எனக்குத் தெரிந்த வேறொரு மரம்
ஒட்டுசுட்டான் பக்கம் நிற்கிறது. விளாத்தி.
என் பெயரை எழுதினேன்.
மை காயும்வரை கொப்பியை மூடவில்லை.