நாற்பத்திரண்டு டின்

பம் ஊர்த் தந்தி ஆபீசில்
அவெதிஸ்தான் அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினான்,
பிரெஞ்சிலிருந்து பாரசீகத்துக்கு,
விரலை ஊன்றி, திக்கித் திக்கி.
தரையில் உட்கார்ந்து
செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் நான்.

"எங்களுக்கு முன் இந்தப் பாலையில்
எந்தச் சக்கரமும் உருண்டதில்லை."
நிஜம்தான்.
ஒட்டகத்துக்குச் சக்கரம் கிடையாது.

பெல்ஜியத்துக்காரரும் மனைவியும் கெர்மானில்
சவரம், குளியல், விருந்து,
காரின் மூக்கில் கட்டக் கொடி தையல் என்றிருந்த
பதினாறு நாளில்
ஏழு ஒட்டகமும் நானும்
நாற்பத்திரண்டு டின் பெட்ரோலைப்
புதைத்துக்கொண்டே போனோம்.
குழிக்கு மூன்று கல் அடையாளம்.
மணியோசை முன்னே போயிற்று,
கார் பின்னே வந்தது.

ஒரு டின் ஓட்டை.
மொர்வாரியின் விலாவில் வழிந்து
உள்ளங்கையகலம் வெந்துபோனது.
அங்கே இன்றுவரை மயிர் முளைக்கவில்லை.

"ஷூர்காஸில் அச்சு முறிந்தது.
இரவோடிரவாகச் சரிசெய்து புறப்பட்டோம்."
அவெதிஸ், அந்த வரியை இன்னொரு தரம் படி.
ஒன்பது இரவு அது.
துரை மணலில் குந்தி அழுதார், சின்னப்பிள்ளை மாதிரி;
அம்மாள் ஷூவைக் கழற்றி பானெட்டை அடித்தாள்,
பிறகு கால்மிதியில் அமர்ந்து
லாந்தர் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டேயிருந்தாள்.
பஹ்ரஜிலிருந்து கழுதையில் வந்த உஸ்தா ஷீர்தில்
யாரோ ஒருவரின் கலப்பைக் கொழுவை உருக்கி
அச்சுக்குப் பட்டை போட்டான்.
அந்த யாரோ அந்த வருஷம் எதைக்கொண்டு உழுதான், தெரியாது.

நான் எங்கே என்று கேட்டேன்.
முன்னும் பின்னும் புரட்டினான்.
"எரிபொருள் முன்னதாகவே அனுப்பப்பட்டிருந்தது.
இதற்குள் இருக்கிறாய்" என்றான்.
அனுப்பப்பட்டிருந்தது.
நீளமான சொல்தான்.
ஏழு ஒட்டகமும் நிற்க இடமிருந்தது.

அடுத்த குளிருக்கு இன்னொருவர் வந்தார்.
ஒல்லி, இருமல், சின்னக் கார்.
மடியில் அதே புத்தகம்,
பாதிப் பக்கங்களில் பென்சில் கோடு.
எனக்கும் மொர்வாரிக்கும் வழிகாட்டிக் கூலி.
முன்னே போனவர்கள் எங்கெங்கே தேநீர் குடித்தார்களோ
அங்கெல்லாம் நிறுத்திக் குடித்தார்.

ஷூர்காஸ் தாண்டி ஓரிடம்.
என் மூன்று கல்.
இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.
"பாவம், எந்தப் பயணியின் சமாதியோ" என்றார்
தனக்குத்தானே, ஆனால் எழுதிக்கொண்டே.
கூலி வாங்குகிறவன் மறுத்துப் பேசலாமா?
நானும் தலை குனிந்தேன்.
குனிந்த பிறகுதான் கணக்கு உறைத்தது:
அவர்கள் எடுத்தது நாற்பத்தொன்று.

பதினோரு பர்சாக் போனதும் அவர் கார் வறண்டு நின்றது.
புத்தகத்தில் கிணறு இருந்தது,
பெட்ரோல் இல்லை.
மொர்வாரியை ராத்திரியில் திருப்பி ஓட்டினேன்.
கல்லை நகர்த்தினேன், தோண்டினேன்.
முனையில் துரு, மற்றபடி எடை குறையவில்லை.

மறுநாள் பொழுது சாய
தூஸ்தாப் சந்தை விலைக்கு அவரிடமே விற்றேன்.
விலையை நோட்டில் குறித்துக்கொண்டார்.
எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.
மூடியைத் திறந்ததும்
மொர்வாரி மூக்கை இறுக மூடிக்கொண்டு
காற்றடிக்கும் பக்கம் திரும்பி நின்றது.